நாற்பத்தோரு வீட்டுக்கு ஒரு கட்டுரை

"எழுத்துல கொண்டா தங்கச்சி, அப்புறம் பேசலாம்" என்றார் சிப்பி வளர்ப்போர் சங்கத் தலைவர் குவாக். கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த நாற்பது வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். நாற்பத்தோராவது வீட்டுக்காரி சுன்ஜா சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுத்துலதான் இருக்கு அண்ணே. அச்சாகியே எட்டு மாசமாச்சு."

"எங்க, காட்டு."

"பூட்டி வெச்சிருக்காங்க."

"அச்சடிச்சதை யாராவது பூட்டி வெப்பாங்களா? வேற ஆளைப் பாரு, என் காதுல பூ சுத்தாதே."

மறுபடியும் சிரிப்பு. குவாக் கேட்டதில் தப்பே இல்லை. அச்சடிப்பதே நாலு பேர் படிக்கத்தானே. படிக்கக் கூடாதென்றால் எதற்கு அச்சடிக்க வேண்டும்? இந்தச் சின்ன விஷயம் தோல்மே தீவில் வலை பின்னுகிற கிழவருக்குக்கூடத் தெரியும். படித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

தென் கொரியக் கடலோரத்துத் தோல்மே தீவுக்கு அபலோன் சிப்பிதான் சோறு. ஒரே வளைகுடாவில் நாற்பத்தோரு வீட்டு மிதவைகளும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கிடக்கும். மிதவைக்குக் கீழே கூண்டு, கூண்டுக்குள்ளே சிப்பி. அதற்குத் தீனி கடற்பாசி. மூன்று வருஷம் வளர்த்தால்தான் விற்கிற அளவுக்கு வரும். மூன்று கோடைக்கு முன்னால் ஆகஸ்டில் கடல் கொதித்தது. கூண்டைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்குப் பாதி வெறும் ஓடு. மிச்சமிருந்த பாசி அழுகி, கரைக்கே வர முடியாத நாற்றம். போன கோடையில் மறுபடியும் அதே கதை. அந்தத் தடவை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போனது, குவாக்கின் மகனுக்கு மட்டும் மொத்தமும் போனது. அவன் மிதவையை விற்றுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பல் கட்டுகிற ஊருக்கு வெல்டிங் வேலைக்குப் போய்விட்டான்.

தண்ணீர் சூடானால் தீனியை நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போது நிறுத்துவது என்பதுதான் சண்டை. அரசாங்கச் சுற்றறிக்கை இருபத்தெட்டு டிகிரி என்றது. இருபத்து நாலிலேயே நிறுத்தி, கூண்டில் கிடக்கிற பாசியையும் வாரி வெளியே போட வேண்டும் என்றாள் சுன்ஜா. அவ்வளவு சீக்கிரம் நிறுத்தினால் சூசோக் அறுவடைப் பண்டிகை விற்பனைக்குள் சிப்பி மெலிந்துபோகும். அதனால் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அவள் மட்டும் நிறுத்திப் பிரயோஜனமும் இல்லை. பக்கத்து மிதவையில் பாசி அழுகினால் அது இவள் கூண்டுத் தண்ணீரின் காற்றையும் சேர்த்துக் குடித்துவிடும். செய்தால் நாற்பத்தோரு வீடும் சேர்ந்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

"இருபத்து நாலுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் குவாக்.

"ஆரிம் சொன்னா. போன்ல."

"ஓகோ, போன்ல. நம்ம சுன்ஜா மூணு வருஷத்துக்கு முன்னாடி பதினோரு நாள் சிப்பியைப் பட்டினி போட்டுட்டு ஊர் சுத்தப் போனாளே, ஞாபகம் இருக்கா எல்லாருக்கும்? பட்டினி போடறதுல இவளுக்குத் தனி ஆசை."

ஊர் சுற்றப் போனாளாம். புருஷனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை, அவள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தாள். அது குவாக்குக்கும் தெரியும். ஆனாலும் பட்டினி என்ற அந்த ஒரு சொல்லை வைத்து மூன்று வருஷமாக அவளைக் குத்திக்கொண்டிருந்தார். சுன்ஜா செருப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். வெப்பமானியை இறக்கிப் பார்த்தாள். இருபத்தொன்று புள்ளி எட்டு. ஜூலை ஆறாம் தேதி. போகிற போக்கில் இன்னும் பத்து நாளில் இருபத்து நாலைத் தொட்டுவிடும்.

அந்த ஆரிம் யாரென்றால், முதல் சாவுக்கு அப்புறம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பெண். அரசாங்கப் பணத்தில் ஆராய்ச்சி. இரண்டு வருஷம் மாசத்துக்கு ஒரு வாரம் சுன்ஜா வீட்டில்தான் தங்கினாள், சுன்ஜா படகில்தான் போனாள், சுன்ஜா போட்ட சோற்றைத்தான் தின்றாள். பெரியம்மா, பெரியம்மா என்று காலைச் சுற்றியே வந்தாள். சுன்ஜாவிடம் மூன்று நீல நோட்டுகள் இருந்தன. ஆறு வருஷமாகக் காலை மாலை தண்ணீரின் சூடு, எத்தனை கூடை தீனி, எத்தனை செத்தது என்று அன்றன்றைக்கு எழுதி வைத்தது. இந்த மாதிரி கணக்கு நாட்டிலேயே எங்கேயும் இல்லை பெரியம்மா என்று ஆரிம் கண் விரிய அதை வாங்கிக்கொண்டு போனாள். நோட்டு போனது போனதுதான்.

போன நவம்பரில் ஆரிம் போன் செய்தாள். "வந்துருச்சு பெரியம்மா. இருபத்து நாலு. உங்க நோட்டுதான் காட்டிக் கொடுத்துச்சு. எல்லாம் கட்டுரையில இருக்கு, படிங்க."

படிக்கத்தான் பார்த்தாள். கைபேசியில் தேடினால் தலைப்பு வருகிறது, பேராசிரியர் பேர் வருகிறது, கீழே ஒரு பூட்டுப் படம் வருகிறது. ஒரு நாள் படிக்க ஐம்பத்திரண்டாயிரம் வோன். அச்சடிக்கக் கூடாது, பிறத்தியாருக்குக் காட்டக் கூடாது. பணம் கட்டி அவள் ஒருத்தி ஒரு நாள் படித்து என்ன செய்ய? நாற்பத்தோரு வீடும் படிக்க வேண்டுமே. ஆரிமிடம் கேட்டால் அவள் குரல் இறங்கிப்போகிறது. "என்னால அனுப்ப முடியாது பெரியம்மா. வெளிய கொடுக்க மாட்டோம்னு கையெழுத்து போட்டிருக்கோம். சார் கொடுக்கிற கடிதத்தை வெச்சுத்தான் எனக்கு வேலை நிரந்தரமாகணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் பெற்ற பெண்ணை விட்டுக்கொடுக்க முடியாத மாதிரி, அவளைத் திட்டவும் மனசு வரவில்லை.

கூட்டம் நடந்த மூன்றாம் நாள் சுன்ஜா முதல் படகைப் பிடித்தாள். பேருந்தில் மூன்று மணி நேரம். வெறுங்கையோடு போனால் மரியாதையாக இருக்காதென்று வழியில் பத்து குப்பி சத்துப் பானம் இருக்கிற ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டாள். யார் அலுவலகத்துக்குப் போனாலும் அந்தப் பெட்டியோடு போவதுதான் வழக்கம். பல்கலைக்கழகத்தில், கட்டுரையில் பேர் இருந்த நாம்குங் பேராசிரியரின் அறைக்குள் போனால் ஏற்கெனவே அதே மாதிரி ஏழு பெட்டி அலமாரி மேல் இருந்தது. அவளுடையது எட்டாவது.

பேராசிரியர் நல்ல மாதிரிதான் பேசினார். உட்காரச் சொன்னார், காபி போட்டுக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார்.

"அது எங்க கையில இல்லைம்மா. பதிப்பகத்தோடது."

"நீங்கதானே எழுதினீங்க, ஐயா?"

"எழுதினது நாங்க. உரிமை அவங்களுக்கு. எழுதிக் கொடுத்தாச்சு."

"எவ்வளவுக்குக் கொடுத்தீங்க?"

பேராசிரியர் சிரித்தார். "அவங்க தர மாட்டாங்கம்மா. சும்மாதான் கொடுப்போம். போட்டாங்கன்னா நமக்குப் பதவி உயர்வுக்கு மதிப்பெண்."

சுன்ஜா காபியைக் கீழே வைத்தாள். அரசாங்கம் பணம் போட்டது. அந்தப் பணத்தில் அவள் கட்டிய வரியும் உண்டு. அவள் நோட்டு, அவள் படகு, அவள் சிப்பி. இவர்கள் உட்கார்ந்து எழுதி, எங்கோ இருக்கிற ஒருத்தனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் அதைத் திருப்பி அவளுக்கே நாள் வாடகைக்கு விடுகிறான். அவள் சிப்பியை யாராவது இப்படிச் சும்மா வாங்கிக்கொண்டு போய் அவளிடமே விற்க வந்தால் படகுத்துடுப்பால் மண்டையைப் பிளந்திருப்பாள்.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்தக் காகிதத்தைப் படிச்சீங்களா, ஐயா?"

"அதை யாரும் படிக்கறதில்லைம்மா. ஒன்பது பக்கம், பொடி எழுத்து. கடைசிப் பக்கத்துல போட்டு அனுப்பிடுவோம்." கொஞ்சம் சங்கடமாகிப்போய், கணினியைத் திருப்பிக் காட்டினார். "நாங்க சட்டத்தை மீறலை, பாருங்க. அரசாங்கப் பணத்துல செஞ்ச ஆய்வை எல்லாரும் படிக்கிற மாதிரி நூலகத்தோட இணையக் களஞ்சியத்துல வைக்கணும்னு விதி இருக்கு. வெச்சாச்சு. பச்சைக் குறி விழுந்திருக்கா? காத்திருப்புக் காலம்னு ஒண்ணு உண்டு. அது முடிஞ்சதும் தானா திறந்துக்கும்."

"எப்ப?"

அவர் குனிந்து பார்த்தார். "அடுத்த வருஷம் நவம்பர்."

"ஆகஸ்ட்ல கடல் கொதிக்கும், ஐயா. அதுகிட்டயும் காத்திருக்கச் சொல்லுங்களேன்."

சுன்ஜா எழுந்து, "என் நோட்டு மூணையும் கொடுங்க" என்றாள்.

"நோட்டு... அது ஆய்வகத்துல எங்கயோ இருக்கும். மூலத் தரவு வேணும்னா ஆசிரியருக்கு எழுதிக் கேட்கலாம்னு கட்டுரையிலேயே போட்டிருக்கோம். ஒரு மின்னஞ்சல் போட்டுடுங்க."

தான் எழுதின நோட்டைத் தானே கேட்டு மனுப்போட வேண்டுமாம். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். பானப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு நூலகம் எங்கே என்று கேட்டாள்.

நூலகத்தின் மூன்றாம் மாடியில் களஞ்சிய மேசைக்கு மிரே என்று ஒரு பெண் இருந்தாள். ஒப்பந்த வேலை. நாளெல்லாம் பேராசிரியர்களுக்குக் கட்டுரையைக் கொடுங்கள் கொடுங்கள் என்று கடிதம் எழுதி அலுத்துப்போன முகம். அந்த மேசைக்கு யாரும் பானப் பெட்டி கொண்டுவந்ததே இல்லை போலிருக்கிறது. சுன்ஜா வைத்ததும் அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"எனக்காம்மா?"

"உனக்குத்தான் பொண்ணே. இந்தக் கட்டுரை ஏன் பூட்டிக் கிடக்குன்னு மட்டும் எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

மிரே தட்டிப் பார்த்தாள். பதிப்பகத்தின் விதியை எடுத்தாள். மறுபடியும் பார்த்தாள். அவள் காது மெதுவாகச் சிவந்தது.

"அம்மா, பதிப்பகம் ஆறு மாசம்தான் கேட்டிருக்கு. அவங்க அச்சுக்கோத்த பக்கத்தைப் போடக் கூடாது, ஆனா ஆசிரியர் கடைசியா திருத்தி அனுப்பி அவங்க ஒத்துக்கிட்ட பிரதியை ஆறு மாசத்துல எல்லாருக்கும் திறந்து வைக்கலாம். நவம்பர்ல வந்தது. மே மாசமே திறந்திருக்கணும்."

"அப்ப அடுத்த வருஷம் நவம்பர்னு யாரு போட்டா?"

"படிவத்துல நாலு கட்டம் இருக்கும். உடனே, ஆறு மாசம், பன்னிரண்டு, இருபத்து நாலு. எல்லா சாருமே கடைசிக் கட்டத்துலதான் டிக் அடிப்பாங்க. அதுதான் வம்பில்லாததுன்னு ஒரு பழக்கம். நாங்க பதிப்பக விதியோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு அனுமதி கொடுக்கணும்." அவள் திரையின் அடியில் விரலை வைத்தாள். "இங்க அனுமதி கொடுத்தது நான்தான். என் பேர் இருக்கு. நானும் பார்க்கலை."

சுன்ஜாவுக்குத் திட்ட வாய் வந்தது. ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தில் காலையிலிருந்து தன் தப்பைத் தானே விரல் வைத்துக் காட்டின முதல் ஆள் இவள்தான். "சரி, இப்பத் திற" என்றாள்.

மிரே திறந்தாள். கோப்பு வந்தது. ஒரே பக்கம். தலைப்பு, நாம்குங் பேராசிரியர் பேர், ஆரிம் பேர், திட்ட எண். அதற்குக் கீழே வெள்ளைக் காகிதம்.

"மிச்சம்?" என்றாள் சுன்ஜா.

மிரே மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். உருட்ட ஒன்றும் இல்லை. "ஒரு கோப்பு ஏறினா பச்சைக் குறி விழுந்துடும் அம்மா. உள்ள என்ன இருக்குன்னு யாரும் பார்க்கறதில்லை. எப்படியும் ரெண்டு வருஷம் பூட்டிக் கிடக்கப்போகுதுன்னு..." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது, கோபத்தில்.

வெற்றுக் காகிதத்துக்கு இரண்டு வருஷப் பூட்டு. அதற்கு ஒரு படிவம், ஒரு அனுமதி, ஒரு பச்சைக் குறி. இத்தனை பேரும் மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். தோல்மேயில் ஒருவன் வெறும் கூண்டைக் கட்டி வைத்து உள்ளே சிப்பி இருக்கிறது என்று சொன்னால் அவனை ஊரில் ஒரு பொழுது வைத்திருக்க மாட்டார்கள். சுன்ஜா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். ஒப்பந்த வேலைக்காரி ஒருத்தி அந்தத் தொனியில் பேராசிரியரைக் கூப்பிட்டு அந்த நூலகம் பார்த்திருக்காது. "சார், உங்க கோப்புல ஒரு பக்கம்தான் இருக்கு. நான் அங்க வரட்டுமா, நீங்க இங்க வர்றீங்களா?"

அவர் மடிக்கணினியோடு வந்துவிட்டார். வந்தும் பிரயோஜனமில்லை. அவர் கணினியில் அந்தக் கட்டுரை ஏழு இருந்தது. 'இறுதி', 'உண்மையான இறுதி', 'உண்மையான இறுதி இரண்டு', 'இதுதான் இறுதி', 'சத்தியமாக இறுதி' என்று பேர் மட்டும்தான் விதவிதமாக இருந்தது. பதிப்பகம் எதை ஒத்துக்கொண்டது என்று அவருக்கே தெரியவில்லை. "அதெல்லாம் ஆரிம்தான் அனுப்பினா" என்றார், பொறுப்பை இறக்கி வைத்துவிட்ட மாதிரி.

சுன்ஜா அங்கேயே நின்று ஆரிமுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்கு பெரியம்மா."

மிரே போனை வாங்கி, பதிப்பகத்தின் விதியை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள். உங்கள் கடைசிப் பிரதி உங்களுடையது, ஆறு மாசம் முடிந்து இரண்டு மாசமாகிவிட்டது, இதற்காக உங்களை ஒருத்தரும் ஒன்றும் செய்ய முடியாது என்றாள்.

அப்புறம் ஆரிம், "சார் பக்கத்துல இருக்காரா? போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைங்க" என்றாள். வைத்தார்கள்.

"சார், அனுப்பட்டுமா?"

நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த நாலைந்து மாணவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நாம்குங் பேராசிரியர் சுன்ஜாவைப் பார்த்தார், மிரேயைப் பார்த்தார். "அனுப்பும்மா" என்றார்.

மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியிருக்குமோ என்று சுன்ஜா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள், கட்டுரை ஆங்கிலத்தில் அல்லவா இருக்கும். ஆனால் இரண்டு கோப்பு வந்தது. இரண்டாவது சுத்தக் கொரிய மொழி. "முதல்ல நம்ம மொழியிலதான் எழுதினேன் பெரியம்மா" என்றாள் ஆரிம். "ஊர்க்காரங்க படிக்கட்டும்னு. நம்ம மொழியில போட்டா மதிப்பெண் கிடையாதுன்னு சார் ஆங்கிலத்துல மாத்தச் சொன்னார்." இதைச் சொல்லும்போது போன் இன்னும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

மிரே இரண்டையும் களஞ்சியத்தில் ஏற்றி, 'உடனே' என்ற முதல் கட்டத்தில் டிக் அடித்தாள். கொரியப் பிரதியை நாற்பத்தொன்று அச்செடுத்து, கட்டி, பானப் பெட்டியைக் காலி செய்து அதில் அடுக்கிக் கொடுத்தாள். பத்து குப்பியையும் மேசை மேல் வரிசையாக நிறுத்திக்கொண்டாள்.

பதினாலாம் தேதி மறுபடியும் கூட்டம். அன்று காலை தண்ணீர் இருபத்து மூன்று புள்ளி நாலு. சுன்ஜா வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். கூடத்தில் காகிதம் புரள்கிற சத்தம் மட்டும் கேட்டது. எழுத்தில் கேட்டார்கள், எழுத்தில் வந்துவிட்டது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. முதல் சாவு வந்த கோடையில் எந்த வரிசையில் எத்தனை செத்தது என்று. எல்லா வரிசையிலும் பாதிக்கு மேல். பதினாலாம் மிதவையின் மேற்கு வரிசையில் மட்டும் நூற்றுக்கு ஒன்பது. அதற்குக் கீழே எழுதியிருந்தது: உரிமையாளர் ஊரில் இல்லாததால் தண்ணீர் இருபத்து நாலு டிகிரியைத் தொட்ட நாளிலிருந்து பதினோரு நாள் இந்த வரிசைக்குத் தீனி போடப்படவில்லை, கூண்டில் மிச்சப் பாசியும் இல்லை. பதினாலாம் மிதவை சுன்ஜாவுடையது. கிழக்கு வரிசைக்கு அவள் மைத்துனன் தீனி போட்டு நோட்டிலும் எழுதி வைத்தான், மேற்கை மறந்துவிட்டான். அது பிழைத்ததற்கு நீரோட்டம்தான் காரணம் என்று இத்தனை நாளும் அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். பட்டினி போட்டவள் என்று மூன்று வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பதில் அந்த ஒரு வரியில் இருந்தது.

குவாக் அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். ஆரிம் தன் பழக்கப்படி தலைப்புக்கு மேலே எழுதி முடித்த தேதியைப் போட்டிருந்தாள்.

"சுன்ஜா, இங்க வா" என்றார். தங்கச்சி என்கிற கேலி போயிருந்தது. "என் கண்ணாடி சரியில்லை. இது என்ன தேதி?"

சுன்ஜா பார்த்தாள். அச்செடுத்த அன்றைக்கே அவள் பார்த்துவிட்டாள். இவர் கண்ணில் படக் கூடாதே என்று நினைத்துக்கொண்டேதான் வந்தாள்.

"போன வருஷம் பிப்ரவரி இருபத்தேழு, அண்ணே."

"போன வருஷம்."

"ஆமா."

"என் பையனுக்குப் போன வருஷம் ஆகஸ்ட்லதானே போச்சு."

பிப்ரவரியில் எழுதி முடித்துவிட்டார்கள். இதழ் பார்க்க வேண்டும், திருத்த வேண்டும், அச்சில் வரும்வரை மூச்சு விடக் கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார், ஆரிமும் விடவில்லை. அந்த ஜூலையில் அவள் இங்கேதான் இருந்தாள். சுன்ஜா வீட்டில் குளிர்ந்த நூடுல்ஸ் தின்றுகொண்டு, குவாக்கின் மகன் கூடை கூடையாகப் பாசி கொட்டுவதைப் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் முன்பு சுன்ஜா அதைப் போனில் கேட்டே விட்டாள். ஆரிம் அழுதாள். சுன்ஜா சமாதானம் சொல்லவில்லை. அழட்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

குவாக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நாளைக்குக் காலையில எல்லாரும் பாசியை வாருங்க. ஒரு கூண்டு விடக் கூடாது. விட்டவன் மிதவையை நானே அவுத்து விடுவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆகஸ்டில் கடல் கொதிக்கத்தான் செய்தது. சிப்பி மெலிந்தது. பண்டிகைக்கு நல்ல விலை போகவில்லை. ஆனால் கூண்டைத் தூக்கினால் ஓட்டுக்குள் உயிர் இருந்தது. நாற்பத்தோரு வீட்டிலும் இருந்தது. குவாக்கின் மகன் பண்டிகைக்கு வந்து, வளைகுடாவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அடுத்த படகில் திரும்பிப் போனான்.

அக்டோபர் கடைசியில் நாம்குங் பேராசிரியர் படகேறி வந்தார். கையில் ஒரு பானப் பெட்டி, மூன்று நீல நோட்டு. அரசாங்கம் இன்னும் மூன்று வருஷத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறதாம், சுன்ஜாவின் புது நோட்டு இல்லாமல் அந்த வேலை நடக்காதாம். சங்கக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சுன்ஜா பழைய நோட்டுகளை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்தாள். அப்புறம் ஒரு காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். குவாக்கின் கையெழுத்தில், சங்க முத்திரையோடு, ஒரே பக்கம்.

"நோட்டு தர்றோம், ஐயா. இதுல கையெழுத்து போடுங்க."

"தாராளமா." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். காகிதத்தின் அடியில் கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினார். கை நேராக அங்கே போனது.

சுன்ஜா தன் உள்ளங்கையை அந்தக் கோட்டின் மேல் வைத்து மூடினாள். பாசி வாரிக் காய்த்துப்போன கை.

"முதல்ல படிங்க."

"இல்லம்மா, உங்க மேல எனக்கு நம்பிக்கை..."

"படிங்க, ஐயா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த நோட்டுகளிலிருந்து எங்களுக்கு எது தெரிய வந்தாலும், அதை எழுதி முடிக்கிற அன்றைக்கே, எந்த இதழுக்கும் அனுப்புவதற்கு முன்னால், நம் மொழியில் இந்தக் கூடத்துச் சுவரில் ஒட்டுவேன். போன வருஷம் பிப்ரவரி இருபத்தேழாம் தேதி எழுதி முடித்ததை ஊருக்குச் சொல்லாமல்..." அந்த இடத்தில் அவர் குரல் உள்ளே போய்விட்டது.

"கேட்கலை" என்றார் குவாக், கதவோரத்திலிருந்து. "அந்தத் தேதியிலேருந்து திரும்பப் படிங்க."